ராணி மேல் வைத்த கை

சீடனுக்குக் கோபம் வந்தால் குரு அடக்குவார் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். குருவுக்கும் அதே அளவு கோபம் வந்தால் யார் அடக்குவது? கோவில்பட்டியில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே செஸ் சொல்லிக்கொடுத்த ரூபாவதி டீச்சரும், அவரிடம் படிக்கப் போன தவசிமுத்துவும் அப்படி ஒரு ஜோடி.

டீச்சருக்கு வயது முப்பத்தைந்துக்குள். திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவர், ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். சீடருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. லாரி புக்கிங் ஆபீசில் மேனேஜர். டிரைவர்களை அதட்டி அதட்டியே தடித்துப்போன தொண்டை அவருக்கு. போன் பேசினால் எதிர்க்கடைக்காரன் பதில் சொல்வான். அந்தத் தொண்டையில் மெதுவாக வருகிற ஒரே சொல் 'டீச்சர்' என்பதுதான்.

ஆபீசில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் போர்டை விரிப்பார். காய்களை அடுக்க அடுக்கத்தான் மூச்சு சீராகும். அவர் மனைவி கோமதி அதுவரை காப்பிகூடக் கொடுக்க மாட்டாள். அந்தப் போர்டு இல்லாவிட்டால் இந்த மனுஷன் வீட்டை என்ன பாடு படுத்துவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட செஸ்ஸைத்தான் ஒரு கல்யாண வீட்டில் பந்தயத்தில் வைத்தார்.

ஊர் செஸ் கிளப்பின் வருஷப் போட்டியில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவன் கோமதியின் சொந்தத் தம்பி செண்பகராஜ். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். முதல் ஞாயிறு தவசிமுத்து தோற்றார். நடுவில் வந்தது அந்தக் கல்யாணம்.

பந்தியில் பக்கத்து இலையில் இருந்த யாரோ, ஆட்டம் என்னாச்சு என்று விசாரித்துத் தொலைத்தார். செண்பகராஜுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அத்தான் அரை மணி நேரம் யோசிப்பாக. யோசிச்சதை மட்டும் ஆட மாட்டாக" என்றான்.

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தவசிமுத்து இலையை மூடிவிட்டு எழுந்தார். மண்டபத்தில் அப்போதுதான் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆரத்தி எடுக்கப் போனார்கள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. இவர் நேரே போய் அதன்மேல் உள்ளங்கையை ஓங்கி வைத்து அணைத்தார்.

"வார ஞாயித்துக்கிழமை இவனை நான் ஜெயிக்கலைன்னா, அதோட செஸ்ஸை விட்டுடுதேன். இது சத்தியம்."

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். புதுமணத் தம்பதிக்கு ஏற்றிய சூடத்தை அணைத்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? பெண்ணின் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தாள். ஒருவர் இருவர் தவசிமுத்துவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கோமதி வாயைத் திறந்தாள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இப்படியா செய்வார்கள், நாளைக்கே அந்த வீட்டுக்குப் போய் அவர்கள் கையால் ஒரு சூடம் ஏற்றச் சொல்லிக் கும்பிட்டு, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். முடியாது என்று இவர் கத்தினார். தப்பு செய்தது உன் தம்பி, அவன் போகட்டும் என்றார். கத்தி முடித்துவிட்டு வழக்கம்போல் போர்டை விரித்தார். காய்களை அடுக்கும்போது, அடுத்த வாரம் இது இருக்குமோ இருக்காதோ என்ற நினைப்பு முதல்முறையாக வந்தது. அந்த நினைப்பின் மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டீச்சரின் மாடிப்படி ஏறினார். சத்தியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேட்டது ஒன்றைத்தான்.

"டீச்சர், நல்ல மூவை எப்படிப் பிடிக்கிறது?"

"இத்தனை நாளா எப்படிப் பிடிச்சீங்க?"

தவசிமுத்து ஒப்பித்தார். செக் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். வெட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். எதிராளி என்ன திட்டம் போடுகிறான், எங்கே வரப் பார்க்கிறான் என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நினைத்துப் பார்ப்பார். தன் பக்கத்தில் வேலையில்லாமல் நிற்கிற காய் எது, அதை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று பார்ப்பார். கடைசியில் இரண்டு மூவைப் பொறுக்கியெடுத்து ஒவ்வொன்றாக உள்ளே போய், அவன் இப்படி வந்தால் நான் இப்படி என்று அடி வரைக்கும் பார்ப்பார். ஊர் ஊராகப் போய்ப் பல பேரிடம் கற்றுக்கொண்டது அத்தனையும்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார் டீச்சர்.

"சரின்னா ஏன் தோக்குதேன்?"

இதை அவர் ஆபீஸ் தொண்டையில் கேட்டுவிட்டார். கீழே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றுவிட்டது.

டீச்சரின் முகம் மாறியது. காலையிலிருந்து வரிசையாக வகுப்பு, வயிறு காய்ந்து கிடந்தார். பசித்த வயிற்றோடு இருக்கிறவரிடம் கத்தினால் சும்மா விடுவாரா? "முதல்ல சோறு. அப்புறம் கத்துங்க" என்றார். தெருமுனையில் இரண்டு மெஸ் இருக்கின்றன, இரண்டிலும் எட்டிப்பார்த்து இன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அங்கிருந்து இரண்டு சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள் என்று பையைக் கொடுத்து அனுப்பினார்.

இது பரீட்சை ஒன்றுமில்லை. குரு என்றால் தும்மினாலும் அதில் ஒரு பாடம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். டீச்சருக்கு நிஜமாகவே பசி.

போன மனுஷன் சீக்கிரம் திரும்பினால்தானே. டீச்சர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தார். வெயில் சாய்ந்த பிறகு தவசிமுத்து வேர்த்து வழிந்து, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க ஏறிவந்தார். பையை மேஜைமேல் போட்டார்.

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். தக்காளிச் சாதம். கையை வைத்தால் நூல் விட்டது. ஊசிப்போன வாடை அறை முழுக்க அடித்தது. அப்படியே சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

"வாங்கும்போது மோந்து பார்த்தீங்களா?"

"நான் செஸ் படிக்க வந்திருக்கேன் டீச்சர். சோறு மோந்து பார்க்க வரலை."

"முதல் மெஸ்ல என்ன குறை?"

அதைக் கேட்டதும் தவசிமுத்துவுக்கு உற்சாகமே வந்துவிட்டது. சாம்பாரைக் கரண்டியில் எடுத்து ஊற்றச் சொல்லிப் பார்த்தாராம், தண்ணீர். இலையைக் கழுவாமல் போட்டார்களாம். பொரியல் காலையில் செய்தது என்று சமையல்காரன் வாயிலிருந்தே வரவழைத்தாராம். இரண்டாவது மெஸ்ஸில் சாம்பார், கூட்டு எல்லாம் சூடாகத்தான் இருந்ததாம், ஆனால் தயிர் புளிப்பு. அதைக் கேட்டால் கல்லாவில் இருந்தவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டானாம். திரும்ப முதல் மெஸ்ஸுக்குப் போனாராம். அங்கே சாம்பார் அப்படியேதான் இருந்ததாம். மறுபடி இரண்டாவதுக்கு. கடைசியில் தலையெல்லாம் காய்ந்து, இவன்கள் சங்காத்தமே வேண்டாம் என்று...

"இந்தச் சோறு எங்க வாங்கினீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல, ஒரு தள்ளுவண்டியில."

"அந்த வண்டியில என்ன குறை?"

தவசிமுத்து கழுத்து வேர்வையை வழித்து உதறினார்.

"குறையே இல்லையா?"

"பார்க்கலை."

டீச்சர் எழுந்தார். அந்தப் பசியோடேயே ஒரு போர்டை எடுத்து மேஜைமேல் டமாரென்று வைத்தார். போன ஞாயிறு ஆட்டத்தை அவரும் பின்னால் நின்று பார்த்திருந்தார். எந்த இடத்தில் தவசிமுத்து தோற்க ஆரம்பித்தாரோ அந்த நிலையை, ஒரு சிப்பாய் பிசகாமல் அடுக்கினார்.

"இங்க குதிரையைப் பார்த்தீங்கள்ல. அதுல என்ன குறை?"

அவர் சொன்னார். குதிரை உள்ளே போனால், அவன் சிப்பாயைத் தள்ளுவான், இவர் வெட்டுவார், அவன் மந்திரியைக் கொண்டுவருவான் என்று அடுக்கிக்கொண்டே போய், எங்கே சிக்கல் வருகிறது என்று விரலை வைத்துக் காட்டினார். ஒரு தப்பு இல்லை.

"யானையில?"

அதையும் சொன்னார். அதிலும் தப்பு இல்லை.

"இந்தச் சிப்பாயை ஆடினீங்களே, இதுல?"

தவசிமுத்துவின் காது சிவந்தது. அன்றைக்கு அவர் ஆடியது குதிரையும் இல்லை, யானையும் இல்லை. ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டிருந்தார். அடுத்த மூவிலேயே செண்பகராஜ் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிட்டான்.

"இதையும் பார்த்துத்தான் ஆடினேன்" என்றார்.

"பொய்."

"ரெண்டும் சரிப்படலை டீச்சர். கடிகாரம் ஓடுது. எதிரே அவன் வேற இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். எரிச்சல் தாங்காம தள்ளிட்டேன்."

"குறை தெரிஞ்சது ரெண்டு மேலயும் உங்களுக்குக் கோபம். சரி. இதுமேல ஏன் கோபம் வரலை?"

தவசிமுத்து குப்பைக் கூடையைப் பார்த்தார். பந்தியில் மச்சினன் சொன்ன வார்த்தை அப்போது அவருக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததும் அவன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஒரு மடங்கு ஏறியது.

"அப்ப ரெண்டுமே மோசமா இருந்தா என்னதான் செய்ய?" என்று மேஜையைத் தட்டினார்.

"ரெண்டாவது மெஸ்ல தயிர் மட்டும்தானே புளிப்பு?"

"ஆமா."

"தயிர் இல்லாம கட்டச் சொல்லியிருக்கலாம்."

அவருக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். கீழே மிக்ஸி கடைக்காரர், என்ன சார் பாடம் முடிந்ததா என்று கேட்க, வேலையைப் பாரும் என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். ஆனால் இரண்டாவது மெஸ்ஸுக்குப் போய், தயிர் இல்லாமல் ஒரு சாப்பாடு கட்டி, மேலே கொடுத்தனுப்பவும் செய்தார். அது டீச்சருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க சாயங்காலம் தவறாமல் வந்தார். டீச்சர் அடுக்கிவைத்ததெல்லாம் கண்றாவியான நிலைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. இதில் நல்ல மூவே இல்லை டீச்சர் என்று தவசிமுத்து கத்துவார். இருக்கிறதில் ஆடுங்கள் என்று டீச்சர் திருப்பிக் கத்துவார். புதிதாக ஒரு மூவ் தோன்றினால் தாராளமாக ஆடலாம், ஆனால் முதல் இரண்டையும் எப்படி அடிவரை தோண்டினீர்களோ அப்படி அதையும் தோண்டிவிட்டு ஆடுங்கள் என்பார். ஒருநாள் தவசிமுத்து கோபத்தில் போர்டைக் கவிழ்த்தே விட்டார். டீச்சர் நாற்காலியை விட்டு அசையவில்லை. இவரே குனிந்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கி, அதே நிலையை மறுபடி அடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஞாயிறு வந்தது.

கிளப்புக்கு வியாபாரிகள் சங்கத்துக் கட்டடத்தில் ஒரு ஹால். செண்பகராஜ் வெள்ளை, இவர் கறுப்பு. செண்பகராஜுக்கு டிரா ஆனாலே கோப்பை. இவருக்கு ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயித்தால்தான் கோப்பைக்கு ஒரு வழி, ஜெயித்தால்தான் போர்டும் மிஞ்சும். முன்னதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை.

ஆட்டம் நடுக்கட்டத்துக்கு வந்தபோது அவர் பக்கம் பழுதில்லாமல்தான் இருந்தது. அங்கேதான் நின்றார். யானையால் ஓரச் சிப்பாயை வெட்டலாம். வெட்டினால் லாபம், ஆனால் தன் ராஜாவுக்கு முன்னால் இருக்கிற காவல் குலைந்துவிடும். இல்லையென்றால் குதிரையைப் பின்னால் இழுக்கலாம். இழுத்தால் பத்திரம், ஆனால் நடு இடத்தை அவன் கையில் கொடுத்த மாதிரி. ஜெயிக்கிற வழி தள்ளிப்போய்விடும்.

யானைக்குள் போய்ப் பார்த்தார். வெளியே வந்தார். குதிரைக்குள் போய்ப் பார்த்தார். மறுபடி யானை. கடிகாரம் ஓடியது. எதிரே செண்பகராஜ் டீயை உறிஞ்சுகிற சத்தம். அந்த உறிஞ்சல் சத்தம் காதுக்குள் புகுந்து மண்டையில் ஏறியது. யானைமேல் கோபம் வந்தது, குதிரைமேல் வந்தது, டீ கொண்டுவந்து கொடுத்தவன்மேல் வந்தது. அந்தக் கோபத்தில் கை தானாகப் போய் ராணியைப் பிடித்துவிட்டது. ஒரு செக் கொடு, ராஜா ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராணியைத் தூக்குகிற நேரத்தில் மூக்கில் அந்தத் தக்காளிச் சாதத்து வாடை குப்பென்று அடித்தது. கை நின்றது.

நின்று என்ன பிரயோஜனம்? செஸ்ஸில் தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். வேறு காயை எடுக்க முடியாது. யானையும் போச்சு, குதிரையும் போச்சு.

"அத்தான், தொட்டாச்சு" என்றான் செண்பகராஜ்.

"தெரியும்லே. பேசாம இரு."

ராணிமேல் வைத்த கையை எடுக்காமலே தவசிமுத்து அந்தச் செக்கைப் பார்த்தார். ராஜா ஒரு கட்டம் நகருவான். பின்னாலேயே மந்திரி வந்து வழியை அடைப்பான். அவ்வளவுதான், ராணிக்குத் திரும்பி வர வழி கிடையாது. வைத்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். நீ எல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே வாய்க்குள் திட்டினார். திட்டிக்கொண்டே ராணி போகக்கூடிய மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இங்கே வைத்தால் குதிரை அடிக்கும். அங்கே வைத்தால் யானையின் வழியை இவளே மறிப்பாள். இன்னோரிடம் பார்க்க நன்றாக இருந்தது. அதையும் தோண்டினார். தோண்டத் தோண்ட நாற்றம்.

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கை வைத்துவிட்டுத் தியானம் செய்கிறார் பார் என்று ஒருவன் சிரித்தான். தவசிமுத்து அவன் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் ராணியை மெதுவாக இழுத்து, ஆட்டம் ஆரம்பித்தபோது அவள் எங்கே நின்றாளோ அந்தக் கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அத்தனை பேருக்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் செண்பகராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவன் அந்தச் செக்குக்குத்தான் காத்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் பாய்ந்து பாய்ந்து வந்தான். இவர் தடுத்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு கெட்ட மூவ் இருந்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகக் கெட்டதை ஆடினார். காய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறைந்துகொண்டே போயின. இரண்டு ராஜாக்களும் நகர முடியாத இரண்டு சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. டிரா.

செண்பகராஜ் கை கொடுத்தான். அத்தான் இப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை என்றான். பந்தியில் வாய் தவறிவிட்டது, அந்தச் சத்தியத்தை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் தவசிமுத்துவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

நேரே வீட்டுக்குப் போனார். கோமதி ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. போர்டையும் காய்களையும் கடிகாரத்தையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு டீச்சரின் மாடிக்கு ஏறினார். பையை மேஜைமேல் வைத்தார்.

"யாருக்காவது கொடுத்துடுங்க டீச்சர்."

"தோத்துட்டீங்களா?"

"இல்லை. டிரா."

"அப்புறம் என்ன கேடு?"

அப்போதுதான் சத்தியத்தைச் சொன்னார். சூடம், கல்யாண வீடு, பெண்ணின் அம்மா அழுதது, கோமதி போகச் சொல்லிக் கெஞ்சியது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லச் சத்தம் கூடியது. ஜெயித்தால்தான் செஸ் என்று சொன்னேன், ஜெயிக்கவில்லை, வார்த்தை வார்த்தைதான், நான் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை என்றார். இந்த மேஜையில் இனி உட்கார மாட்டேன் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஐம்பது வயது மனுஷன், டிரைவர்களையெல்லாம் நடுங்க வைக்கிற மனுஷன், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சருக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. ஒரு வாரம் எதிரே உட்கார்ந்து கத்தினவர் இதை மறைத்துவிட்டாரே என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து மூச்சு வாங்கிவிட்டு, "ஆட்டத்தைக் காட்டுங்க" என்றார்.

"எதுக்கு? அதான் முடிஞ்சுபோச்சே."

"காட்டுங்க."

மஞ்சப்பைக்குள் கையை விட்டு, கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு காய்களை அடுக்கினார். முதலிலிருந்து ஆடிக் காட்டினார். ராணி தன் இடத்துக்கே திரும்பிப் போன மூவில் டீச்சர் கையை நீட்டி நிறுத்தினார்.

"குதிரையை இழுத்திருக்கலாமே. ஜெயிக்கிறதுக்கும் கொஞ்சம் வழி இருந்திருக்கும். ராணி எதுக்கு?"

"கை முந்திடுச்சு. எரிச்சல்ல தொட்டுட்டேன்."

"தொட்டுட்டு?"

"செக் கொடுக்கத்தான் தொட்டேன். கொடுத்திருந்தா ராணியே போயிருக்கும். நல்லவேளை, வைக்கல."

"செக் கொடுக்கணும்னுதானே தொட்டீங்க. அந்தக் கட்டத்துல வைக்காம விட்டா அது ஏமாத்து இல்லையா?"

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஆடியவரிடம் இப்படி ஒரு கேள்வியா?

"என்ன டீச்சர் பேசுதீக? தொட்ட காயை ஆடணும், அவ்வளவுதான் சட்டம். எந்தக் கட்டத்துல வைக்கணும்னு அதுல எங்க சொல்லியிருக்கு? கோபத்துல தொட்டுட்டோம்னா, கோபத்துல நினைச்ச கட்டத்துலயேவா கொண்டுபோய் வைக்கணும்? கையை வச்சுக்கிட்டே உட்கார்ந்து பார்க்கணும். எங்கெங்க போகலாம்னு அத்தனையும் பார்த்துட்டு, அப்புறம்..."

பாதியில் நிறுத்தினார்.

டீச்சர் மஞ்சப்பையை எடுத்து, மேஜையின் நடுவில், இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்தார்.

"அன்னைக்குச் சூடத்தைத் தொட்டீங்க" என்றார்.

"ஆமா."

"ஆடித்தான் ஆகணும்."

"அதைத்தானே நானும் சொல்லுதேன். அதான் எல்லாத்தையும் அள்ளிக் கொண்டாந்து..."

"ஒரே கட்டம்தான் இருக்கா?"

தவசிமுத்து பையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இன்னும் ஆறாமல் கறுத்திருந்தது. கோமதி போகச் சொன்ன அந்தக் கல்யாண வீடும் மனசில் வந்துபோனது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கீழே மிக்ஸி கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவு நேரம் ஆகியும் மனுஷன் அசையவில்லை. கடைசியில், பழகின குணம் போகுமா, ஆபீஸ் தொண்டை வந்துவிட்டது.

"எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லித் தொலைங்க டீச்சர். குரு நீங்கதானே."

டீச்சர் எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்தார்.

"தொட்டது நானா?"